பூட்ட வேண்டியது பிள்ளையின் விவரம். திறக்க வேண்டியது பள்ளியின் பீரோ!



கொஞ்சம் நீளமான பதிவு இது. வீட்டில் ஒண்ணாம் வகுப்பிலிருந்து அஞ்சாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படிக்கிற பிள்ளை இருந்தால், தயவுசெய்து கடைசி வரை படிச்சிடுங்க.

முதலில் ஒரு கேள்வி. உங்க பிள்ளை படிக்கிற பள்ளிக்கு உங்களைப் பற்றி என்னென்ன தெரியும்?

பிள்ளையின் ஆதார் எண். பிறந்த தேதி. சாதி. ரத்த வகை. அப்பாவின் தொழில், ஆண்டு வருமானம். அம்மாவின் படிப்பு. வீட்டு முகவரி. இரண்டு செல்போன் எண்கள். கேட்டாங்க, எழுதிக் கொடுத்தோம்.

சரி. அந்தப் பள்ளியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? அங்கீகாரம் எந்தத் தேதி வரைக்கும் இருக்கு? தீயணைப்புத் துறை சான்று காலாவதி ஆயிடுச்சா, இருக்கா? உங்க பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிற டீச்சர் என்ன படிச்சிருக்காங்க? கடைசியா எந்த அதிகாரி எப்போ வந்து பார்த்தார், என்ன எழுதிட்டுப் போனார்?

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வீட்டில் இதுக்குப் பதில் இருக்காது. அது உங்க தப்பு இல்லை. யாரும் உங்களுக்குக் காட்டவே இல்லை.

பிள்ளையைப் பற்றிய தகவல் மூடியிருக்கணும். பள்ளியைப் பற்றிய தகவல் திறந்திருக்கணும். இன்னைக்கு நம்ம ஊரில் நடக்கிறது அப்படியே தலைகீழ். இதை மாற்றணும்னுதான் இந்தப் பதிவு.

■ நான் பார்த்த அலுவலக அறை

இதை எழுதுற நான் ஐடி விங் தன்னார்வலர். பி.இ. முடிச்சிட்டு வேலை தேடிட்டிருந்த காலத்தில் ஒரு சின்ன நர்சரி பிரைமரி பள்ளியில் எட்டு மாசம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். மாசம் ஏழாயிரம் சம்பளம். எமிஸ் தளத்தில் மாணவர் விவரம் ஏத்துறது, டிசி டைப் பண்றது, ஆய்வுக்கு அதிகாரி வந்தால் ஃபைல் எடுத்துக் கொடுக்கிறது. இதுதான் வேலை.

அந்தப் பள்ளியில் இரண்டு கால அட்டவணை இருந்தது. ஒன்று சுவரில். தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல், விளையாட்டுன்னு அழகா அச்சடிச்சு ஒட்டியிருக்கும். இன்னொன்று டீச்சர்களோட டைரியில். அதில் ஜி.கே., கம்ப்யூட்டர், அபாகஸ், கையெழுத்துப் பயிற்சின்னு வேற கதை. விளையாட்டு பீரியடையே காணோம். தமிழ் வாரத்துக்கு மூணு பீரியடாச் சுருங்கியிருந்தது. பிள்ளைகள் படிச்சது இரண்டாவது அட்டவணையை. அதிகாரி பார்த்தது முதல் அட்டவணையை.

ஆசிரியர் பதிவேட்டிலும் அப்படித்தான். அதில் இருந்த ஒரு பெயருக்கு உரியவரை அந்த எட்டு மாசத்தில் ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை. அவங்க சான்றிதழ் நகல் மட்டும் ஃபைலில் இருந்தது.

இதுக்கெல்லாம் சட்டமே இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு.

■ சட்டம் என்ன சொல்லுது?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அதாவது நாம ஆர்டிஇ-ன்னு சொல்றது, 25 சதவீத இட ஒதுக்கீட்டுக்கான சட்டம் மட்டும்னு பலர் நினைக்கிறாங்க. இல்லை. அங்கீகாரம், பாடத்திட்டம், ஆசிரியர் எண்ணிக்கை, வேலை நாள் எல்லாமே அதில் இருக்கு.

பிரிவு 18: அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தக் கூடாது. நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அதுக்குப் பிறகும் நடத்தினால் ஒவ்வொரு நாளுக்கும் பத்தாயிரம் ரூபாய் வரை.

பிரிவு 29: தொடக்கக் கல்விக்கான பாடத்திட்டத்தையும் மதிப்பீட்டு முறையையும் அரசு அறிவிக்கிற கல்வி அமைப்புதான் வகுக்கணும். பிள்ளை பயமில்லாமல், பதற்றமில்லாமல், செய்து பார்த்துக் கத்துக்கணும். முடிந்த வரை தாய்மொழியில் கத்துக்கணும். இது நம்ம கட்சி மேடையில் பேசுற வசனம் இல்லை, நாடாளுமன்றம் நிறைவேற்றின சட்டம்.

சட்டத்தின் அட்டவணை: ஒண்ணு முதல் அஞ்சாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம். 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 90 வரை 3, 120 வரை 4, 200 வரை 5.

பிரிவு 12(3): அரசு கேட்கிற தகவலை ஒவ்வொரு பள்ளியும் கொடுத்தே ஆகணும். (இந்தப் பிரிவை ஞாபகம் வெச்சுக்கோங்க. கடைசியில் இதை வெச்சுத்தான் ஒரு வேலை செய்யப் போறோம்.)

சிறுபான்மையினர் நடத்துற பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாதுன்னு 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. மற்ற தனியார் பள்ளிகளுக்குப் பொருந்தும்.

நம்ம மாநிலத்துக்குன்னு தனிச் சட்டங்களும் இருக்கு. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி ஒண்ணாம் வகுப்பிலிருந்து தமிழ் கட்டாயம். 2010-இல் வந்த சமச்சீர் கல்விச் சட்டம் மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல்னு நாலு தனித்தனிப் பாதையா இருந்ததை ஒண்ணாக்கியது. 2011-இல் ஆட்சி மாறினதும் அதைத் தள்ளிப்போடப் பார்த்தாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2011 ஆகஸ்ட் 9-ஆம் தேதி "அமல்படுத்து"ன்னு தீர்ப்பு வந்தது. பிள்ளைகள் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருந்த அந்த ரெண்டு மாசம் அன்றைய பெற்றோருக்கு இன்னும் மறந்திருக்காது.

2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் தெளிவா ஒரு உத்தரவு போட்டது. ஒண்ணு, ரெண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது. அந்த ரெண்டு வகுப்புக்கும் மொழியும் கணக்கும் தவிர வேற பாடம் கூடாது. மூணு முதல் அஞ்சு வரை அதோட சூழ்நிலையியல் மட்டும். சிபிஎஸ்இ பள்ளிகள் தனியார் பதிப்பகப் புத்தகங்களைக் குவிக்கிறதை எதிர்த்துப் போட்ட வழக்கு அது. 2020-இல் மத்திய அரசு கொண்டு வந்த புத்தகப் பைக் கொள்கைப்படி ஒண்ணு, ரெண்டாம் வகுப்புப் பிள்ளையின் பை 1.6 முதல் 2.2 கிலோவுக்குள் இருக்கணும்.

நாளைக்குக் காலையில் உங்க பிள்ளையோட பையை ஒரு தடவை எடை போட்டுப் பாருங்க. மளிகைக் கடைத் தராசு போதும்.

எந்தப் பாடம் நல்லது, எது வேண்டாம்கிறது வேற விவாதம். அபாகஸ் பிடிச்சவங்க கத்துக்கட்டும். எங்க கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: எதுக்கு ரெண்டு அட்டவணை? பெற்றோருக்கும் அதிகாரிக்கும் பிள்ளைக்கும் ஒரே அட்டவணை இருந்தால் என்ன குறைஞ்சிடும்?

■ பதிவேடு வெறும் காகிதமா?

"அட, பேப்பர்ல என்ன இருக்கு தம்பி, பிள்ளைங்க நல்லா படிக்குதுல்ல" என்பார் எங்க தாளாளர்.

2004 ஜூலை 16. கும்பகோணம். 94 குழந்தைகள். அப்போ எனக்கு நினைவு தெரியாத வயசு. ஆனால் அந்தப் புகைப்படங்களைப் பார்க்காமல் தமிழ்நாட்டில் யாரும் வளரலை. கூரை வேய்ந்த வகுப்பறை, பக்கத்திலேயே சமையல் நெருப்பு, ஒரே கட்டடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள். அத்தனையும் ஒரு நாளில் முளைச்சது இல்லை. அனுமதி, ஆய்வு, எண்ணிக்கைன்னு ஒவ்வொண்ணுக்கும் காகிதம் இருக்க வேண்டிய விஷயம். கல்வித் துறை அதிகாரிகளும் அந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றாங்க. பள்ளிக் கட்டடங்களுக்கான தீப் பாதுகாப்பு பற்றி 2009-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கக் கட்டளை போட்டதுக்குக் காரணமே கும்பகோணம்தான்.

2012 ஜூலை. தாம்பரம் பக்கம் ஒரு பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியா ரெண்டாம் வகுப்புச் சிறுமி கீழே விழுந்து இறந்தாள். அந்தப் பேருந்துக்குத் தகுதிச் சான்று இருந்தது.

இங்கதான் நாம கவனிக்கணும். சான்று இருந்தால் மட்டும் போதாது. அது பீரோவுக்குள்ள இருக்கிற வரை அதிகாரிக்கும் தாளாளருக்கும் இடையில் நடக்கிற கொடுக்கல் வாங்கல்தான் அது. தினமும் அந்தப் பேருந்தில் பிள்ளையை ஏத்தி விடுற அம்மாவின் கண்ணில் அந்தச் சான்றும் தேதியும் பட்டிருந்தால், "ஓட்டையோட நிக்குது, எப்படிக் கொடுத்தாங்க சான்று?"ன்னு அன்னைக்கே ஒரு குரல் வந்திருக்கும். ஆயிரம் பெற்றோர் பார்க்கிற காகிதத்தில் பொய் எழுதுறது கஷ்டம். ஒரே ஒரு அதிகாரி பார்க்கிற காகிதத்தில் சுலபம்.

■ நான் அழுத்தாத பட்டன்

இனி சொல்லப் போறது என் தப்பையும் சேர்த்து.

ஒரு கொத்தனார் அண்ணன் வந்தார். மகள் மூணாம் வகுப்பு. திருப்பூருக்குக் குடிபோறாங்க, அங்கே அரசுப் பள்ளியில் சேர்க்கணும், டிசி வேணும்னு கேட்டார். வேன் கட்டணம் 1,800 ரூபாய் பாக்கி. "கட்டிட்டு வாங்கிக்கங்க"ன்னு சொல்லச் சொன்னாங்க. சொன்னேன்.

டிசி காகிதம் மட்டும் இல்லை. எமிஸ் தளத்தில் ஒரு பிள்ளையைப் பழைய பள்ளி பொதுத் தொகுப்புக்கு விடுவிச்சால்தான் புதுப் பள்ளி எடுத்துக்க முடியும். அந்தப் பட்டன் என் கம்ப்யூட்டரில் இருந்தது. நான் அழுத்தலை. மூணு வாரம் அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லை. அப்பறம் யாரிடமோ கடன் வாங்கி வந்து கட்டிட்டு டிசி வாங்கிட்டுப் போனார். என்னைப் பார்த்து "நன்றி சார்"னு வேற சொன்னார்.

ஆர்டிஇ சட்டம் பிரிவு 5 என்ன சொல்லுதுன்னு அப்போ எனக்குத் தெரியாது. அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறணும்னு ஒரு பிள்ளை கேட்டால், தலைமையாசிரியர் உடனே டிசி கொடுக்கணும். டிசி வர லேட்டானால்கூட, அதைக் காரணம் காட்டிப் புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் "டிசி என்பது கட்டணப் பாக்கி வசூலிக்கிற கருவி இல்லை"ன்னு சொன்னது.

அந்த அண்ணனுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிஞ்ச தாளாளர் சொல்லலை. பதிவேடு ஒருத்தர் கையில் மட்டும் இருந்தால் அது எப்படி ஆயுதமா மாறும்கிறதுக்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

■ பள்ளி நடத்துறவங்க பக்க நியாயம்

சின்னப் பள்ளிகளை வில்லனாக்குறது எங்க நோக்கம் இல்லை. கோடிக்கணக்கில் புரளுற பெரிய குழுமப் பள்ளி வேற. டவுனுக்கு வெளியே 140 பிள்ளைகளை வெச்சுக்கிட்டு மாசக் கடைசியில் சம்பளத்துக்குத் திண்டாடுற நர்சரி பிரைமரி பள்ளி வேற.

நான் பார்த்த வரை, ஒரே மாணவர் எண்ணிக்கையை எமிஸில் ஏத்தணும், யூடைஸ் பிளஸில் ஏத்தணும், சேர்க்கைப் பதிவேட்டில் கையால் எழுதணும், அதையே எக்ஸெல்லில் போட்டு வட்டார அலுவலகத்துக்கு அனுப்பணும், அடுத்த வாரம் வேற ஒரு படிவத்தில் மறுபடி அனுப்பணும். இந்த வேலையை டீச்சர்கள் செய்யும்போது வகுப்பில் பிள்ளைங்க சும்மா உட்கார்ந்திருக்கும்.

அங்கீகாரம் புதுப்பிக்க நாலு சான்று வேணும்: கட்டட உறுதி, கட்டட உரிமம், தீயணைப்பு, சுகாதாரம். ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு அலுவலகம், ஒவ்வொரு வரிசை, ஒவ்வொரு மேஜை. மேஜைக்கு மேஜை என்ன நடக்கும்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?

அதே நேரம், ஆர்டிஇ-யில் சேர்த்த பிள்ளைகளுக்கான கட்டணத்தை அரசு காலத்தோட கொடுக்கிறதில்லை. 2025-இல் மத்திய - மாநில அரசுகளின் நிதிச் சண்டையில் அந்தச் சேர்க்கையே மாதக்கணக்கில் தள்ளிப்போனதை எல்லாரும் பார்த்தோம். கேட்கிறது மட்டும் அரசு, கொடுக்கிறது இல்லைன்னா பள்ளிகள் எப்படி நேர்மையா இருக்கும்?

அதனால் எங்க நிலைப்பாடு, பதிவேட்டைக் கூட்டுங்கிறது இல்லை. குறைங்க. ஆனால் இருக்கிறதைத் திறங்க.

■ நம் கட்சி வைக்கும் ஐந்து கோரிக்கைகள்

1. பள்ளிக்கு ஒரு பக்கம். அங்கீகாரம் எந்தத் தேதி வரை, நாலு சான்றுகளின் காலாவதித் தேதி, வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர்களின் எண்ணிக்கையும் கல்வித் தகுதியும், உண்மையான கால அட்டவணை, விலையோட புத்தகப் பட்டியல், கட்டண நிர்ணயக் குழு நிர்ணயித்த கட்டணம், கடைசி ஆய்வு அறிக்கை. இது பள்ளி வாசலில் தமிழில் ஒட்டப்படணும். எமிஸ் தளத்தில் பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் பார்க்கிற மாதிரி இருக்கணும். அரசுப் பள்ளிக்கும் இதே பக்கம் வேணும், விதிவிலக்கு இல்லை.

2. ஒரு தகவல், ஒரே முறை. ஒரு தடவை எமிஸில் ஏத்தினதை வேற எந்த அலுவலகமும் மறுபடி கேட்கக் கூடாது. டேட்டாபேஸ் பாடத்தில் முதல் வருஷமே சொல்லிக் கொடுக்கிற விஷயம் இது. ஒரே தகவலை நாலு இடத்தில் வெச்சால் நாலும் நாலு விதமா இருக்கும்.

3. டிசி தானாக நகரணும். பெற்றோர் விண்ணப்பிச்ச மூணு நாளில் எமிஸே பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு மாத்தணும். பழைய பள்ளி கையில் பட்டன் வேண்டாம். பாக்கி இருந்தால் அது பெரியவங்க பிரச்சினை, பிள்ளையைப் பிணையா வைக்கக் கூடாது.

4. பிள்ளையின் விவரத்துக்குப் பூட்டு. மதிப்பெண்ணையும் "ஃபீஸ் கட்டாதோர்" பட்டியலையும் வாட்ஸ்அப் குரூப்பில் போடுறது, அனுமதி இல்லாமல் பிள்ளை படத்தை ஃபிளெக்ஸில் போடுறது எல்லாம் நிக்கணும். பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாதுன்னு 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. 18 வயசுக்குக் கீழே உள்ளவங்க தகவலுக்குப் பெற்றோரின் சம்மதம் வேணும்னு 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்லுது.

5. நாலு சான்றுக்கு ஒரே ஜன்னல். ஒரே விண்ணப்பம், ஒரே கூட்டு ஆய்வு, ஒரே தேதி. அந்த ஆய்வு பெற்றோர் பிரதிநிதிகள் முன்னிலையில் நடக்கணும்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?"ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு தகவல். ஆர்டிஇ சட்டத்துக்கு மத்திய அரசு 2010-இல் போட்ட விதிகளில், அங்கீகாரத்துக்காகப் பள்ளி கொடுக்கிற சுய அறிவிப்பை 15 நாளில் பொதுவெளியில் வைக்கணும், ஆய்வு அறிக்கையையும் பொதுவெளியில் வைக்கணும்னு எழுதியே இருக்கு. அந்த விதிகள் நேரடியா நம்ம மாநிலத்துக்குப் போட்டவை இல்லை. ஆனால் யோசனை புதுசு இல்லைங்கிறதுக்கு இது போதும். நம்ம மாநிலத்தில் 2018-இல் இயற்றின தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2023-இல் விதிகள் வந்திருக்கு. அதில் ஒரு திருத்தம் போட்டால் முடிகிற வேலை. மாறி மாறி ஆண்டவங்களுக்கு மனசு வரலை, அவ்வளவுதான்.

"பிடிக்கலைன்னா வேற பள்ளியில் சேர்த்துக்க வேண்டியதுதானே?" என்பாங்க இன்னும் சிலர். தாராளமா. ஆனால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது? அஞ்சு ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் காலாவதித் தேதி இருக்கு, உள்ளே என்ன கலந்திருக்குன்னு இருக்கு. முப்பதாயிரம், நாற்பதாயிரம் கட்டிப் பிள்ளையை அனுப்புற இடத்தில் பளபளப்பான நோட்டீஸும் வாசல் வளைவும் மட்டும்தான் தெரியுது.

■ இப்பவே நீங்க செய்யக்கூடியது

சட்டம் திருந்துற வரை காத்திருக்க வேண்டாம். ஆர்டிஇ பிரிவு 12(3)-ஐ ஞாபகம் வெச்சுக்கச் சொன்னோமே, இப்போ அதுக்கு வருவோம்.

தனியார் பள்ளிக்கு நேரடியா தகவல் உரிமை மனு போட்டால் "நாங்க பொது அதிகார அமைப்பு இல்லை"ன்னு திருப்பி அனுப்புவாங்க. ஆனால் 2005-இன் தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 2(f)-படி, வேறொரு சட்டத்தின் மூலம் அரசு அலுவலகம் ஒரு தனியார் அமைப்பிடம் பெறக்கூடிய தகவலும் "தகவல்"தான். ஆர்டிஇ அந்த அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்திருக்கு. அதனால் மனுவைப் பள்ளிக்குப் போடாதீங்க, அலுவலகத்துக்குப் போடுங்க.

பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகம், உங்க மாவட்டம். வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்க. 30 நாளில் பதில் வரணும். கேட்க வேண்டிய கேள்விகள்:

* இந்தப் பள்ளியின் அங்கீகார ஆணை நகல், அது எந்தத் தேதி வரை செல்லும்?
* நாலு சான்றுகளின் நகல்.
* வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கையும், ஆசிரியர்களின் எண்ணிக்கை, கல்வித் தகுதியும்.
* கடைசி ஆய்வு நடந்த தேதி, ஆய்வு அறிக்கை நகல்.

மற்ற பிள்ளைகளின் பெயர், மதிப்பெண் எதையும் கேட்காதீங்க. கேட்டாலும் கொடுக்கக் கூடாது. நாம கேட்கிறது பள்ளியோட கணக்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளையோட ரகசியத்தை இல்லை.

தனியா அனுப்பத் தயக்கமா இருந்தால், பிள்ளையைப் பள்ளி பழிவாங்குமோன்னு பயமா இருந்தால், பக்கத்தில் இருக்கிற நம்ம கட்சி அலுவலகத்துக்கு வாங்க. நம்ம தோழர்கள் பெயரில் போடுவோம். எழுதத் தெரியாதவங்களுக்கு நாங்களே எழுதித் தருவோம்.

டிசி கொடுக்க மறுத்தால், எழுத்துப்பூர்வமா விண்ணப்பம் கொடுத்து அதன் நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்க. கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னால் ஸ்பீட் போஸ்ட். அதோட நிக்காமல் பிள்ளையைக் கூட்டிட்டு நேரா புது அரசுப் பள்ளிக்குப் போங்க. "டிசி அப்பறம் வரும், பிரிவு 5 இருக்கு"ன்னு சொல்லுங்க. ஒரு நாள்கூடப் பிள்ளை வீட்டில் உட்காரக் கூடாது.

அந்தக் கொத்தனார் அண்ணன் மகள் இப்போ ஆறோ ஏழோ படிச்சிட்டிருப்பாள். அவங்க குடும்பம் எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியாது, மன்னிப்புக் கேட்கவும் வழி இல்லை. இந்த மனுவை வேற பத்து பேர் வீட்டுக்குக் கொண்டு போய்ச் சேர்க்கிறதுதான் என்னால் முடிஞ்சது. நீங்களும் சேருங்க.

இந்த வாரம் பிள்ளையை விடப் போகும்போது பள்ளியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "சார், அங்கீகாரம் எந்தத் தேதி வரைக்கும் இருக்கு?" கிடைச்ச பதிலைக் கமெண்டில் போடுங்க. பள்ளிப் பெயர் வேண்டாம், மாவட்டம் மட்டும் போதும். தமிழ்நாடு முழுக்க என்ன பதில் வருதுன்னு சேர்ந்து பார்ப்போம்.

படிச்சீங்கன்னா உங்க பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் ஷேர் பண்ணுங்க.

— தகவல் தொழில்நுட்ப அணி

#பள்ளியின்_பீரோவைத்_திற
#பிள்ளையின்_விவரத்தைப்_பூட்டு